மாதிரி இல்லாத ஒரு நாள்

ஜெசிந்தாவை அந்த அலுவலகத்தில் எல்லோரும் குரு என்றே கூப்பிட்டார்கள். முதலில் கேலியாகத்தான். மென்பொருள் குழுக்கள் வேலை செய்யும் முறையைத் திருத்துவது அவருடைய வேலை. சிக்கிக்கிடக்கும் ஒரு குழுவுக்குள் போவார். ஏதாவது ஒன்றைச் செய்வார். குழு ஓட ஆரம்பித்துவிடும். கேலி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

ஒரு காலையில் அருமைநாயகம் அவரிடம் ஓடிவந்தார். குருவைவிட வயதில் மூத்தவர், ஒரு குழுவின் தலைவர். கையில் ஒரு தாள்.

"குரு, இதைப் பாருங்க."

தாளில் ஒரு கோடு. வாராவாரம் குழு முடித்த வேலையைக் காட்டும் கோடு. இறங்கவே தெரியாதது போல ஏறிக்கொண்டே போனது.

"அழகா இருக்கு" என்றார் குரு.

"இந்த மாடியிலேயே எங்க கோடுதான் உசரம். ஆனா ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒண்ணுகூடப் போய்ச் சேரலை. அது ஏன்னுதான் புரியலை."

கம்பம் ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே வருகிறவர்கள் பலருக்குப் பலகையில் ஒளிரும் எண் தெரியாது. அதனால் பெயர் சொல்லிக் கூப்பிடும் டோக்கன் மென்பொருள் கேட்டிருந்தார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் சத்தம் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பெயராவது அங்கே ஒலிக்க வேண்டும், இல்லையென்றால் குழுவைக் கலைத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவேன் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். வாராவாரம் கோட்டைப் பார்த்து முதுகில் தட்டியவரும் அவர்தான். குழு எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"காலைக் கூட்டத்துல உங்க ஆளுங்க என்ன சொல்றாங்க?"

"வேலை முடிஞ்சதுன்னு."

"அவங்க வாயில வர்ற வார்த்தையை அப்படியே சொல்லுங்க சார்."

அருமைநாயகம் யோசித்தார். "முடிஞ்ச மாதிரிதான் சார், அப்படிம்பாங்க."

குரு எழுந்தார். "வாங்க, போலாம்."

சுவரில் வெள்ளைப் பலகை. அதில் மூன்று கட்டங்கள். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. கடைசிக் கட்டத்தில் வேலை அட்டைகள் இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பலகை முன்னால் தாமோதரன், இசக்கி, ரெஹானா மூவரும் நின்றார்கள். அவர்கள்தான் குழு.

"இன்னிக்கு ஒரே ஒரு விதி" என்றார் குரு. "மாதிரிங்கிற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது."

தாமோதரன் சிரித்தான். "இவ்வளவுதானா? டோக்கன் குடுக்கிற திரை முடிஞ்ச..."

நின்றான். மறுபடி தொடங்கினான். "முடிஞ்ச..."

"என்னடா, வண்டி கிளம்ப மாட்டேங்குதா?" என்றான் இசக்கி.

"முடியலை" என்றான் தாமோதரன். அந்தச் சொல் தன் வாயில் வந்தது அவனுக்கே ஆச்சரியம். "என் கம்ப்யூட்டர்ல ஓடுது. இசக்கியோட குரலைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கலை."

குரு அவன் அட்டையை நடுக் கட்டத்துக்கு நகர்த்தினார்.

"குரல் தயாரான..." இசக்கி தலையைச் சொறிந்தான். "தயாரா இல்லை. ரெஹானா சோதிச்சுச் சொல்லணும்."

"இப்போ யாரு வண்டியைத் தள்றது?" என்றான் தாமோதரன்.

ரெஹானா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் இங்க சோதிச்சேன். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல சோதிக்கலை. அதுக்குள்ள போக அனுமதி வரலை."

ஒவ்வொரு அட்டையாக நடுவுக்கு வந்தது. முடிந்தது என்ற கட்டம் காலியானது. அருமைநாயகத்தின் முகம் வெளுத்தது.

"குரு, என் கோடு கீழ விழுந்துடும்."

"விழுந்தா ஆஸ்பத்திரியில சத்தம் கேக்குமா சார்?"

"கேக்காது."

"அப்போ விழட்டும். ரெஹானா, அனுமதி யார் தரணும்?"

ரெஹானா அருமைநாயகத்தைப் பார்த்தாள். தாமோதரன் கூரையைப் பார்த்தான். இசக்கி தன் செருப்பைப் பார்த்தான்.

"சாருக்குத்தான் மெயில் போட்டேன். போன வாரமே."

"அதை நான் பார்த்த..." என்றார் அருமைநாயகம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது. "பார்க்கலை" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் நின்றபடியே மடிக்கணினியைத் திறந்து அனுமதி கொடுத்தார்.

"இனி என்ன குரு?"

"ஒரே ஒரு அட்டையை எடுங்க. அது கடைசிக் கட்டத்துக்குப் போற வரைக்கும் வேற எதையும் தொடாதீங்க."

ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்ற அட்டையை எடுத்தார்கள். ஒரே மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் வந்தன. தாமோதரன் தட்டினான், இசக்கி எட்டிப் பார்த்தான், ரெஹானா உடனுக்குடன் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். முதல் குரல் வந்தது.

"பெச்சியம்மல்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை மாதம் அவர்கள் கூப்பிட்டுப் பார்த்த பெயர்கள் டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு. ஆஸ்பத்திரியிலோ பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்துவைத்திருந்தார்கள்.

"பேச்சியம்மாளை இப்படிக் கூப்பிட்டா எப்படிடா வருவாங்க?" என்றாள் ரெஹானா.

"பெயரைத் தமிழ்லயே பதிய வைப்போம்" என்றான் இசக்கி.

டீ ஆறிப்போனது. ஒருவரும் எழவில்லை. ஒருவன் பாதி சொல்லும்போதே மற்றவன் மீதியைச் செய்தான். அருமைநாயகம் ஓடி ஓடி, அவர்கள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். வெயில் இறங்கும் நேரத்தில் ஆஸ்பத்திரி வரவேற்பறைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்கள்.

"போடுங்க, கேக்கிறோம்" என்றார் அங்கிருந்த நர்ஸ்.

ரெஹானா பொத்தானை அழுத்தினாள்.

"பேச்சியம்மாள், மூன்றாம் அறைக்கு வரவும்."

சத்தமே இல்லை. பிறகு தூரத்தில் ஒரு கிழக்குரல். "ஏ, என் பேரைச் சொல்றாக. இந்தா வாரேன்." ஊன்றுகோல் தரையில் தட்டித் தட்டி நகர்ந்தது.

இசக்கி நாற்காலிமேல் ஏறிவிட்டான்.

"இன்னொரு தடவை கூப்பிடு ரெஹானா" என்றான் தாமோதரன்.

"சும்மா இரு. அந்தம்மா பாதி வழியில திரும்பிடப் போறாங்க."

ரெஹானா அந்த அட்டையைக் கொண்டுபோய்க் கடைசிக் கட்டத்தில் ஒட்டினாள். அத்தனை பெரிய கட்டத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அருமைநாயகத்தின் போன் அடித்தது. மேலதிகாரி.

"என்னய்யா, கோடு விழுந்து கிடக்கு?"

"ஆமா சார். ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேளுங்க."

கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அடித்தது. கோட்டைப் பற்றிப் பேச்சு இல்லை. குழு இருக்கட்டும் என்றார்.

அருமைநாயகம் நேரே குருவிடம் போனார். கண்கள் பளபளத்தன.

"குரு, இப்போதான் எனக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கு."

குரு ஒரு புது அட்டையை எடுத்தார். அதில் அருமைநாயகம் என்று எழுதினார்.

"சரி சார். நீங்க நடுக் கட்டத்துலயே இருங்க."