பேய்க்கணவாய்க்கு இதயம் மூன்றான கதை

அந்தக் காலத்தில் கடலுக்குள் இருந்த எல்லா உயிர்களுக்கும் ஆளுக்கு ஓர் இதயம் இருந்தது. மீனுக்கு ஒன்று, நண்டுக்கு ஒன்று, சங்குக்கும் ஒன்று. இப்போதுபோல அது உள்ளே இறுகிக் கிடக்காது. நாம் வாசலில் செருப்பைக் கழற்றி விடுவதுபோல, வேண்டும்போது கழற்றி வைத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். பேச்சும் எல்லோருக்கும் வரும். மீன்கள் இன்றைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் பாதிப் பேச்சில் விட்டுப்போன ஏதோ ஒன்று பாக்கி இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ராமேசுவரத்துக்கு வடக்கே, கடலடியில் ஒரு பவளப் பாறைத் திட்டு. அதில் ஒரு பொந்தில் பேய்க்கணவாய் குடியிருந்தாள். ஆக்டோபஸ் என்று பாடப் புத்தகத்தில் எட்டுக் கையோடு படம் போட்டிருக்குமே, அவள்தான். ‘பேய்’ என்று பெயர் வைத்தவர்கள் அவளோடு ஒரு நாள்கூடப் பழகியிருக்க மாட்டார்கள். பாறையில் அவளைப்போல நல்லவள் கிடையாது. எட்டுக் கை இருந்ததால், வெளியூர் போகிறவர்களெல்லாம் எதையாவது கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். துறவி நண்டு ஓடு மாற்றப் போகும்போது பழைய ஓட்டை அவளிடம்தான் விடும். புது ஓடு கடித்தால் திரும்பி வந்து பழையதை வாங்கிக்கொள்ளும். அவளிடம் கொடுத்த பொருள் தொலைந்தது என்ற பேச்சே கிடையாது.

பக்கத்துப் பொந்தில் ஒரு சங்கு இருந்தாள். வாய்க்காரி. கணவாய்மேல் பிரியம் உண்டு, அதைத் திட்டாகத்தான் காட்டத் தெரியும்.

“ஏத்தா, ஊர்ப்பட்ட சாமானெல்லாம் உன் வாசல்லதான் கெடக்கு. உனக்கு என்ன, சரக்குப் போட்டு வைக்கிற கிட்டங்கியா வச்சிருக்கே?” என்பாள்.

கணவாய் சிரித்துக்கொள்வாள்.

ஒரு நாள் நட்சத்திர மீன் அவள் வாசலில் வந்து நின்றான். நண்டு கடித்து அவனுடைய ஐந்து கைகளில் ஒன்று போயிருந்தது. காயத்தைவிடப் பயம்தான் அவனை ஆட்டிவைத்தது. மணல் நகர்ந்தாலும் இதயம் தடதடவென்று அடித்துக்கொள்ளும். கண்ணை மூட முடியவில்லை.

“மதினி, இந்த நெஞ்சைக் கொஞ்ச நேரம் வச்சிருங்க. ஒரு தூக்கம் தூங்கிட்டு வந்து வாங்கிக்கிறேன்” என்றான்.

“நெஞ்சையா? அதெல்லாம் கொடுத்து வைக்கிற பொருளா தம்பி?”

“உங்ககிட்ட கொடுக்காம வேற யார்கிட்ட மதினி கொடுப்பேன்?”

அந்த வார்த்தைக்காகவே அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு கல்லுக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். சிறிது நேரத்தில் தொட்டுப் பார்த்தால் அது சில்லிட்டுப்போய், விட்டு விட்டுத் துடித்தது. வெளியே கிடந்தால் அதற்கு ரத்தம் யார் கொடுப்பார்கள்? அவள் பதறிப்போனாள். அடுத்தவர் பொருள், தன் கையில் அணைந்துபோகக் கூடாது. எடுத்துத் தன் உடம்புக்குள், தன் இதயத்துக்கு இடது பக்கமாக வைத்துக்கொண்டாள். அது மெல்லச் சூடேறிச் சீராகத் துடிக்கத் தொடங்கியது.

நட்சத்திர மீன் நன்றாகத் தூங்கி எழுந்தான். பயம் போயிருந்தது. கை போன இடத்தில் புதுக் கை முளைத்தது. அதைக்கூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கணவாய் அவனைத் தேடிப் போய், “வாங்கிக்கப்பா” என்றபோது, “இருக்கட்டும் மதினி, அவசரம் ஒண்ணுமில்ல” என்று பாறையோடு ஒட்டிக்கொண்டான். அதன் பிறகு அவளைக் கண்டாலே வேறு பக்கம் நகர்ந்துவிடுவான். இரவல் வாங்கியவர்கள் நழுவுவதைப் பார்த்திருக்கிறோம். கொடுத்தவன் நழுவியதை அந்தப் பாறை அன்றைக்குத்தான் பார்த்தது.

பிறகு சொறி வந்தாள். குடை விரித்ததுபோல மிதக்கிறதே, ஜெல்லி மீன், அவள். ஒரு புயலில் நீரோட்டம் புரண்டு அவளுடைய பிள்ளைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. அழுது அழுது இதயம் கனத்து, மிதக்க முடியாமல் அடிமணலில் கிடந்தாள்.

“அக்கா, இது கல்லாக் கனக்குது. இதோட மேல ஏற முடியல. மேல ஏறலைன்னா புள்ளைகளை எப்படித் தேடுவேன்? வச்சிருங்க. அதுகளக் கண்டுபிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து வாங்கிக்கிறேன்.”

“ஏற்கெனவே ஒருத்தன் கொடுத்துட்டுப் போனவன் திரும்பலையே தாயி.”

“நான் பெத்தவ அக்கா. திரும்பாம எங்க போவேன்?”

கணவாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வலது பக்கம் வைத்தாள். அது உண்மையிலேயே கனத்தது. தன்னுடைய ஒரே உடம்பு ரத்தத்தை மூன்றுக்கும் பங்கு வைத்ததில், ரத்தத்தின் சிவப்பு வெளுத்து வெளுத்து நீலமாகிவிட்டது. அவளுக்கு அது தெரியாது. யாராவது வெட்டிப் பார்த்தால்தானே தெரியும்!

சொறி பாரம் இறங்கி மேலே போனாள். நாள்கள் போயின. வாடைக்காற்று ஓய்ந்து நீரோட்டம் திரும்பியபோது, ஒரு காலையில், விரல் நகம்போல நான்கைந்து குட்டிச் சொறிகள் கணவாயின் வாசலில் வந்து விழுந்தன.

“எங்க அம்மாவைப் பாத்தீகளா?”

அவள் வாயைத் திறக்கும் முன்பே, அவளுடைய வலது பக்கத்து இதயம் எகிறிக் குதித்தது. பெற்றவளின் இதயம், பிள்ளைகளை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது. இனி ஒரு பொழுதும் தாமதிக்கக் கூடாது, இதை உரியவளிடம் சேர்த்தே ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

“வாங்க, உங்க அம்மாகிட்ட போவோம்” என்றாள்.

“நடுக்கடலுக்கா? மூணு நெஞ்சைச் சுமந்துக்கிட்டா? ஏத்தா, செத்துப் போவே” என்று சங்கு கத்தினாள்.

கணவாய் கேட்கவில்லை. பாறையின் விளிம்பைத் தாண்டி, நீரை உறிஞ்சிப் பீய்ச்சி, ஆழ்கடலை நோக்கி நீந்தினாள். குட்டிகள் அவள் கைகளில் தொற்றிக்கொண்டன. சிறிது தூரத்திலேயே கண் இருண்டது. நீந்துகிற உடம்பு மூன்று இதயத்துக்கும் ஈடுகொடுக்கவில்லை. ஒன்றை ஓட்டினால் ஒன்று தடுக்கியது. ஏதாவது ஒன்றை நிறுத்தினால்தான் அடுத்த கை வீச முடியும்.

எதை நிறுத்துவது?

இடது பக்கம் இருப்பது நட்சத்திர மீனுடையது. அவன் கேட்கவே போவதில்லை. ஆனாலும் அவனுடையது. வலது பக்கம் இருப்பதற்காகத்தான் இந்தப் பயணமே. அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை. நடுவில் இருந்த தன்னுடையதை நிறுத்தினாள். உடம்பெல்லாம் குளிர்ந்தது. கை மட்டும் நகர்ந்தது. அப்படியே நீந்திப் போனாள்.

சொறியைக் கண்டுபிடித்தபோது அவள் வெயில் இறங்கும் நீரில் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, யாதொரு கவலையும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தாள்.

“தாயி, புள்ளைக வந்துருச்சு. இந்தா உன் நெஞ்சு” என்று கணவாய் வலது பக்கத்து இதயத்தை எடுத்து நீட்டினாள்.

சொறி பார்த்தாள். “நீங்க யாரு?”

“அம்மா!” என்று கத்திக்கொண்டு குட்டிகள் அவள் குடைக்குள் புகுந்தன.

“என்னையவா கூப்பிடுதுக?” என்றாள் சொறி. கோபமில்லை, பிரியமுமில்லை. எதற்காக மேலே வந்தோம் என்பதையும் அவள் இதயத்தோடேயே கழற்றிக் கொடுத்திருந்தாள்.

“இதை ஒரு தடவை மாட்டிப் பாரு. எல்லாம் தெரிஞ்சுரும்” என்று கணவாய் கெஞ்சினாள்.

சொறி தன் குடையிலிருந்து தொங்கும் நூல் ஒன்றால் அதைத் தொட்டுப் பார்த்தாள். “கனமா இருக்கும்போல இருக்கே. வேணாம்” என்று சொல்லிவிட்டு அலையோடு போனாள்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றன. எத்தனை சுலபமாக மிதக்கிறாள் அம்மா! பெரிய குட்டி முதலில் தன் இதயத்தைக் கழற்றியது. அதைப் பார்த்து அடுத்தது. “வேணாம், வேணாம், என்கிட்ட கொடுங்க” என்று கணவாய் எட்டுக் கையையும் வீசினாள். நின்றுபோன இதயத்தோடு எவ்வளவு வேகமாக வீச முடியும்? பிஞ்சு இதயங்கள். உப்புத் தண்ணீரில் அவள் கை படும் முன்பே கரைந்துபோயின. குட்டிகள் லேசாகி, கண்ணாடியாகி, தாய் போன திசையில் போயின. தாயென்று தெரிந்து போகவில்லை. அலை அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான்.

கணவாய் வலது பக்கத்து இதயத்தைத் திரும்பவும் உள்ளே வைத்துக்கொண்டாள். அது அழுதது. அவள் நீந்தி, பிறகு நீந்த முடியாமல் மணலில் தவழ்ந்து வீடு வந்து சேர்ந்தாள். ஒரு கல்லைப் பற்றி உட்கார்ந்த பிறகுதான் அவளுடைய சொந்த இதயம் ஒரு தடவை விக்கி, மறுபடி துடித்தது.

சங்குக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அவுகளே வேணாம்னுட்டாக. உனக்கென்னத்தா? ரெண்டையும் கழட்டி வீசு. நீயாவது நிம்மதியா நீந்து.”

“நாளைக்கு வந்து கேட்டா?”

“வர மாட்டாக.”

“வந்து கேட்டா?” என்றாள் கணவாய் மறுபடியும்.

சங்கு அதற்குமேல் திட்டவில்லை. தன் ஆயுசு முடிகிற நேரத்தில், “என் வீட்டை நீ வச்சுக்க. அதுக்குள்ள அசையாம உட்காரு. மூணும் துடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கணவாய் அந்தக் காலிச் சங்குக்குள்தான் முட்டையிட்டாள். இரை தேடக்கூட நகராமல் காவல் இருந்தாள். பிள்ளைகள் பொரிந்ததும், ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று துடிப்பாகப் பகிர்ந்து கொடுத்து, எது யாருடையது என்றும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

ராமேசுவரம் பக்கத்துக் கரையில் சிலர் காலிச் சங்குகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவார்கள். இரை வைப்பதில்லை. ஆனாலும் கணவாய் தானாக வந்து உள்ளே உட்கார்ந்திருக்கும். முட்டாள் பிராணி, சும்மா வந்து மாட்டிக்கொள்கிறது என்று சிரித்துக்கொண்டே தூக்குவார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அன்று முதல்தான் நட்சத்திர மீனுக்கும் சொறிக்கும் இதயமே இல்லாமல் போயிற்று, பேய்க்கணவாய்க்கு மூன்று ஆயிற்று. நீந்தும்போதெல்லாம் அவளுடைய சொந்த இதயம் நின்றுவிடுகிறது. அதனால் முடிந்த மட்டும் தவழ்ந்தே போகிறாள், இடம் கண்டால் உட்கார்ந்துவிடுகிறாள், யாராவது வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்று.