வாலில்லாத பூனை

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு அறுபது.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே நல்ல நாற்காலியைச் சீடருக்குப் போட்டார்கள், ஸ்டூலைக் குருவுக்கு.

குருவின் பெயர் நாச்சம்மை. காரைக்குடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆங்கில வகுப்பு நடத்தினாள். வெளிநாட்டுக்குப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு ஆயத்தமாகும் ஆறு பெண்கள் அங்கே படித்தார்கள்.

சீடர் சிங்கராயர், டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேவகோட்டையில் இதேபோல் ஒரு வகுப்பு தொடங்க இருந்தார்கள். மூன்று மாதம் நாச்சம்மையிடம் பழகி, கடைசியில் ஒரு பாடத்தை அவள் முன்னால் நடத்திக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த வகுப்பு அவருக்கு. வாங்காவிட்டால் மறுபடி வீடு, டி.வி., மருமகளின் பெருமூச்சு.

அந்த வகுப்பு அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அதனால் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்தது.

இன், ஆன், அண்டர், பிஹைண்ட் என்று இடம் சொல்லும் சின்னச் சொற்களுக்காக அவர் பன்னிரண்டு சார்ட் வரைந்து வந்திருந்தார். வெளிர்நீலத் தாளில் ஒரு மரப்பெட்டி, ஒரு மஞ்சள் பூனை. பெட்டிக்குள் பூனை. பெட்டி மேல் பூனை. பெட்டிக்கு அடியில் பூனை. மீசையை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

நாச்சம்மை நின்று பார்த்தாள்.

"நல்லாருக்கு சார். நான் வர்றதுக்கு முன்னாடி நீங்க பாடம் எடுக்குற அரைமணி நேரத்துல மாட்டிக்குங்க. நான் வந்ததும் கழட்டி அலமாரியில வச்சிருங்க."

"ஏன் டீச்சர்? சுவத்துலயே இருந்தா என்ன?"

"அலமாரியில இருக்கட்டும் சார்."

பொறாமை என்று சிங்கராயர் முடிவு கட்டினார். அவளுக்கு ஒரு மாம்பழம்கூட ஒழுங்காக வரைய வராது. போர்டில் அவள் போட்ட மாம்பழத்தை அவரே பார்த்திருக்கிறார். சிறுநீரகம் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு சார்ட்டைக் காணோம். செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு.

"நம்ம சார்ட்டுக்கெல்லாம் கால் முளைச்சிருச்சு போல, டீச்சர்."

"பூனைதானே சார். திரும்பி வந்துரும்."

களவு போனதற்கு இப்படிச் சிரித்துக்கொண்டே பதில் சொல்பவர் யார்? களவாடியவர்தான். கடைசியாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவதும் அவள்தானே? அன்று மத்தியானம் ஆணியில் தொங்கிய அவள் பையைப் பார்த்தார். பைக்கு வெளியே ஒரு சுருளின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. வெளிர்நீலம்.

ஆக, இதுதான் சங்கதி. தன் பேரைப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பப்போகிறாள்.

"பை ரொம்பக் கனக்குமே டீச்சர்?"

"தாள்தான் சார்."

"என்ன தாளு?"

"வெள்ளிக்கிழமைக்கு."

வெள்ளிக்கிழமைதான் அவருடைய பாடம். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்தார்.

புதன்கிழமை அவரால் அடக்க முடியவில்லை. சார்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒண்ணு கேக்குறேன் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. படம் காட்டிச் சொல்லிக்குடுத்தா என்ன குறைஞ்சு போச்சு? கண்ணால பாக்காம எதைக் கத்துக்க முடியும்? உங்களுக்கு வரைய வரலைங்கிறதுக்காக இவங்களுக்குப் படமே கூடாதா?"

ஆறு பேனாவும் நின்றன.

நாச்சம்மை ஸ்டூலைவிட்டு எழுந்தாள். "பஞ்சவர்ணத்தைக் கேளுங்க சார்."

பஞ்சவர்ணம் அந்த ஆறு பேரில் அவருடைய முதல் மாணவி. மீதியிருந்த சார்ட்டுகளை மாட்டி, குச்சியை எடுத்தார். குச்சி தொடுவதற்குள் பதில் வந்தது. இன். ஆன். அண்டர். பிஹைண்ட்.

"பாத்தீங்களா?" என்றார்.

நாச்சம்மை மேசையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். எல்லோரும் பார்க்கத் தண்ணீர்க் கூஜாவுக்குப் பின்னால் வைத்தாள்.

"பஞ்சவர்ணம், வேர் இஸ் த டேப்லெட்?"

பஞ்சவர்ணம் கூஜாவைப் பார்த்தாள். சார்ட்டைப் பார்த்தாள். மறுபடி கூஜாவைப் பார்த்தாள்.

"ஆன்?"

"இல்ல."

"அண்டர்?"

"பிஹைண்ட்மா!" சிங்கராயர் குச்சியால் மேசையைத் தட்டினார். "இப்பதானே சொன்னே? பிஹைண்ட்!"

"அதெப்படி சார்? வாலே இல்லையே."

"என்ன வாலு?"

"பிஹைண்ட்னா வால்தானே சார்? பெட்டி ஓரமா வால் மட்டும் நீட்டிக்கிட்டிருக்குமே."

"அபவ்னா குதிக்கிறது சார்," என்றாள் பக்கத்திலிருந்த ரெஜினா, உதவி செய்வதாக நினைத்து.

"அண்டர்னா பாவம்," என்றாள் பின்வரிசைப் பெண். "அது மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கும்."

சிங்கராயர் திரும்பித் தன் பூனையைப் பார்த்தார். பெட்டிக்கு அடியில் அது உண்மையாகவே பாவமாகத்தான் இருந்தது. அந்த முகத்துக்கு மட்டும் ஒரு முழுநாள் செலவழித்திருந்தார்.

"யாரும்மா இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதான் சார். நான்தான் தினம் பாக்குறேனே. படுத்தா எதிர்ச் சுவத்துல அதானே..."

பஞ்சவர்ணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

 பிறகு அவளே சொன்னாள். "காலையில கூட்டும்போது எடுத்துட்டுப் போனேன் சார். என்கிட்ட ரெண்டு, ரெஜினாகிட்ட ரெண்டு. வெள்ளிக்கிழமை நாங்க திக்குனா உங்க மானம்ல போகும்? கேட்டா குடுக்க மாட்டீங்க, அதான் கேக்கல."

சிங்கராயர் நாச்சம்மையைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். நீல நுனி இன்னும் வெளியேதான் இருந்தது.

நாச்சம்மையும் பையைப் பார்த்தாள். எடுத்து வந்து சுருளை உருவி மேசைமேல் விரித்தாள். ஆறு தாள். ஒரு கோடுகூட இல்லாத புதுத் தாள்.

"இந்த நீலம் கிடைக்க நாலு கடை ஏறி இறங்கினேன் சார். வெள்ளிக்கிழமைக்கு பிஹைண்ட் மட்டும் வரைஞ்சுட்டு வாங்க. வால் தெரியக்கூடாது."

"வால் தெரியலைன்னா அங்க பூனை இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் மனம் கசந்தது. கையெழுத்துப் போடாமல் இருக்க இப்படி ஒரு வழியா? யாராலும் வரைய முடியாததை வரையச் சொல்லிவிட்டாளே!

முதல் தாளில் பெட்டிக்கு மேலாகக் காது தெரிய வரைந்தார். காதும் வால்தான். கிழித்தார். இரண்டாவதில் மீசை. மூன்றாவதில் நிழல். நான்காவதில் ஒரு பாதம். ஐந்தாவதில் பெட்டிக்கு வெளியே மிச்சம் வைத்த மீன்முள். எல்லாமே வால்தான். எல்லாவற்றையும் கிழித்தார்.

ஆறாவது தாளை வியாழன் முழுவதும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தபோது சார்ட் கரும்பலகையின் மேல் மாட்டியிருந்தது. அதில் பெட்டி மட்டும் இருந்தது.

"பூனை எங்க சார்?"

சிங்கராயர் ஓரமாக நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "வேர் இஸ் த கேட்?"

பெட்டியில் ஒரு கீறல்கூட வித்தியாசமாக இல்லை. ரெஜினா கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். கடைசி வரிசையில் யாரோ, "செத்துப்போச்சு போலடி," என்றார்கள்.

பஞ்சவர்ணம் எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கரும்பலகை வரை நடந்து போனாள். தாளின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினாள்.

பலகையில், பசை போட்டு ஒட்டிய மஞ்சள் பூனை. பழைய சார்ட்டிலிருந்து கத்தரித்தது.

"பிஹைண்ட்!" என்று கத்தினாள். அப்புறம் இன்னும் குனிந்து பார்த்தாள். "ஐயோ சார், வாலைக் காணோம்!"

"வெட்டிட்டேன்மா."

அவள் அதோடு நிற்கவில்லை. மேசைக்குப் போய்க் கூஜாவை நகர்த்தினாள். மாத்திரை அட்டை புதன்கிழமை வைத்த இடத்திலேயே இருந்தது. "டேப்லெட்," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "பிஹைண்ட்."

பெண்கள் போன பிறகு நாச்சம்மை அவருடைய சான்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். சிங்கராயர் வாங்கினார். மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"சார்ட்டைக் காணோம்னப்ப, உங்களைப் பத்தி நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல."

"ஆமா சார். சொல்லல."

"ஆனா மனசுக்குள்ள..."

நாச்சம்மை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தெரியும் சார். வால் வெளியதான் இருந்துச்சு."