கோணங்குறிச்சியில் வண்டல் அள்ளிய விதம்

கோணங்குறிச்சி நகராட்சியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நெசவாளர் தெருவின் பாதாளச் சாக்கடையில் வண்டல் அடைத்து, கழிவுநீர் மரியசூசையின் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்த அன்றே மூன்று பேர் குழு ஒன்றைப் போட்டுவிட்டார்கள். மேற்பார்வையாளர் சடகோபன் தலைவர். ஊழியர்கள் பொன்னுரங்கமும் மரியசூசையும் உறுப்பினர்கள். மரியசூசையின் மனைவி லூர்து அடுப்பை மேசைமேல் ஏற்றிச் சமைத்தாள்.

மாவட்டத் தலைநகரிலிருந்து பொறியாளர் தமயந்தி வந்தார். "கம்பு விட்டு அளந்து பாருங்க. பாதிக்கு மேல வண்டல் இருந்தா உடனே அள்ளணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழு தெருவின் முதல் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்து ஆறடிக் கம்பை இறக்கியது. நாலடிக்கு வண்டல் அப்பியிருந்தது.

"பாதிக்கு மேல இருக்கே அண்ணே," என்றார் மரியசூசை.

சடகோபன் கம்பை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "குத்தம் வண்டல் மேல இல்லப்பா. கம்பு குட்டை."

பன்னிரண்டடி மூங்கில் வந்தது. இப்போது மூன்றில் ஒரு பங்குதான் வண்டல். 'நிலைமை கட்டுக்குள் உள்ளது' என்று அறிக்கை போனது. அறிக்கையைப் படிக்காத கழிவுநீர் மட்டும் லூர்துவின் வீட்டில் இன்னும் ரெண்டு அங்குலம் ஏறியது.

தமயந்தி மறுபடி ஓடிவந்தார். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "அள்ளுங்க. அள்ளினதை ரோட்டுல குவிக்காதீங்க, மழை பெஞ்சா திரும்ப உள்ளயே போயிடும். தள்ளிக் கொண்டுபோய், மூடி இருக்கிற இடமாப் பாத்துக் கொட்டுங்க."

வாளியில் கயிறு கட்டி மேலிருந்தே அள்ளினார்கள். கொட்டத்தான் இடம் அமையவில்லை.

பொன்னுரங்கம் தெருவை நோட்டம் விட்டார். "தள்ளியும் இருக்கணும், மூடியும் இருக்கணும். முப்பதடி தள்ளி அருமையா ஒரு இரும்பு மூடி இருக்கே."

"அது ரெண்டாவது சாக்கடைத் தொட்டியாச்சே," என்றார் சடகோபன்.

"மூடி இருக்கா இல்லையா?"

சடகோபன் வாளியை அந்தப் பக்கம் தூக்கச் சொன்னார்.

முதல் தொட்டி பளிச்சென்று ஆனது. ரெண்டாவது நிரம்பி வழிந்தது. அதை மூன்றாவதில் கொட்டினார்கள், அதை நாலாவதில். பதினோரு நாள் வியர்க்க வியர்க்க உழைத்து, தெருவின் மொத்த வண்டலையும் கடைசித் தொட்டியில் கல்லாக இறுக்கி அடைத்தார்கள். ஒரு சொட்டு வெளியேற வழியில்லாமல் அறுபது வீட்டு அடுப்படியிலும் கழிவுநீர் ஏறியது. அதுவரை தனியாகத் திட்டிக்கொண்டிருந்த லூர்துவுக்குத் துணைக்கு ஆள் கிடைத்தது.

தமயந்தி பக்கத்து நகரத்திலிருந்து உறிஞ்சும் இயந்திர வண்டியை வரவழைத்து, மூன்று நாள் கூடவே நின்று எல்லாவற்றையும் எடுக்க வைத்தார். தண்ணீர் சலசலவென்று ஓடியது. லூர்து அடுப்பைக் கீழே இறக்கினாள்.

கிளம்பும்போது தமயந்தி மூன்று பேரையும் பார்த்துக் கும்பிட்டார். "இனிமே வண்டல் சேர்ற வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துங்க. அது போதும்."

அடுத்த திங்கட்கிழமை பார்வையிட வந்தார். குழு ஒரு தொட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றது. பொன்னுரங்கம் ஒட்டடைக்கம்பின் நுனியில் பெயிண்ட் பிரஷைக் கட்டி உள்ளே விட்டிருந்தார். தமயந்தி எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஓடும் வழிக்குக் குறுக்கே ஒன்றரை அடி உயரத்தில் சிமெண்ட் மேடு ஒன்று நன்றாகக் காய்ந்து கிடந்தது.

"என்ன அது?"

"வேகத்தடைங்க மேடம்," என்றார் சடகோபன் பணிவாக. "இனி வண்டல் இஷ்டத்துக்கு வேகமா வர முடியாது."

தமயந்தியின் முகத்தைப் பார்க்க மரியசூசைக்குப் பாவமாக இருந்தது.

"பயப்படாதீங்க மேடம். உள்ள இருட்டா இருக்குன்னு எங்களுக்கும் தெரியும். வண்டல் வந்து மோதிக்கக் கூடாதுன்னுதான் வெள்ளைக் கோடு போட்டுக்கிட்டிருக்கோம்."