எறும்புதின்னியும் நிரம்பிய கிடங்கும்

ஒரு காட்டில், குகை வாசலில் உட்கார்ந்து இரண்டு மந்திகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

“ஆமை அனுப்புகிற படம் பாதியிலேயே நின்றுபோச்சாம்.”

“அப்படியென்றால் மான்கள் பாடு அவ்வளவுதான். தலையைத் திருப்பு, காதுக்குப் பின்னால் ஒன்று ஓடுகிறது.”

குகைக்குள் இருந்த எறும்புதின்னியின் காதில் அது விழுந்தது. அதன் செதில்களெல்லாம் சிலிர்த்தன.

அந்தக் குகையில்தான் விலங்குகளின் சர்வர் இருந்தது. எந்தச் சுனையில் தண்ணீர், எந்தப் பாதையில் கண்ணி என்பதையெல்லாம் காட்டின் இணையப் பக்கம் சொல்லும். யார் படம் அனுப்பினாலும் அது முதலில் தற்காலிகக் கிடங்கில் வந்து இறங்கும். முழுதாக வந்ததும் சர்வர் அதற்குப் பிரதி எடுத்து இணையப் பக்கத்தில் போடும். அதன்பின் கிடங்கில் கிடப்பதால் யாருக்கும் பயனில்லை. அதை அழிப்பது எறும்புதின்னியின் வேலை.

எறும்புதின்னியோ கூச்ச சுபாவம். ‘நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வேன்?’ என்று பயந்து, ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்தது.

அன்று ஆற்றில் வெள்ளம். மான்கூட்டம் நடுத்திட்டில் மாட்டிக்கொண்டது. எங்கே ஆழம் குறைவு என்று ஆமைக்கு மட்டுமே தெரியும். தொலைவில் இருந்த அது, அந்த இடத்தைக் காட்டும் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆமையாயிற்றே! விடிந்ததிலிருந்து அனுப்பியும் பாதிதான் வந்திருந்தது.

எறும்புதின்னி ஓடிப்போய்த் திரையைப் பார்த்தது. ‘இடம் இல்லை’ என்றது சர்வர்.

அப்போது கீரி உள்ளே பாய்ந்தது. கீரிக்கு எதிலும் அவசரம்.

“இது கிடங்கா, குப்பைமேடா? மயில் ஆடிய படம் மட்டும் மலைபோல் கிடக்கிறது. போன கோடையில் கரடி தேன் குடித்த படம் வேறு! தள்ளு, ஒரே தட்டில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்.”

“வேண்டாம், கீரியண்ணா. அதற்குள்தான் ஆமையின் படமும் இருக்கிறது.”

“திரும்ப அனுப்பட்டுமே!”

“ஆமை திரும்ப அனுப்பி முடிப்பதற்குள் திட்டே மூழ்கிவிடும்.”

“பேசிப் பேசியே நேரத்தைப் போக்கு!” என்று கீரி பாதத்தை ஓங்கியது.

எறும்புதின்னிக்கு வாதாடத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். விசைப்பலகையின்மேல் தாவிப் பந்தாகச் சுருண்டுகொண்டது. திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் ஓடின. கீரி கடித்தது, பிராண்டியது. பல் வலித்ததுதான் மிச்சம்.

“எழுந்திரு! மான்கள் செத்தால் பழி உன் தலையில்தான்.”

“அழிக்கிறேன், அண்ணா” என்றது செதில்களுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல். “ஆனால் பார்த்து அழிக்கிறேன். நீ எட்ட நில்.”

கீரி முணுமுணுத்துக்கொண்டே விலகியது.

எறும்புதின்னி சர்வரைக் கேட்டது: “எது இன்னும் வந்துகொண்டிருக்கிறது?”

ஆமையின் படம் ஒன்றுதான்.

“எதையெல்லாம் நெடுநாளாக யாரும் தொடவில்லை?”

மயில், கரடி, மறுபடியும் மயில் என்று திரை கொள்ளாமல் வந்தன. எறும்புதின்னி ஆமையின் படத்தை விட்டுவைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பழையவற்றை அழித்தது.

கிடங்கில் இடம் பிறந்தது. நின்றுபோன படம் மெல்ல நகர்ந்தது. கடைசித் துண்டும் வந்து சேர்ந்ததும், இணையப் பக்கத்தில் ஆறு தெரிந்தது. மருதமரத்துக்கு நேராகத் தண்ணீருக்கு மேல் கற்கள் தலைகாட்டின. திட்டில் இருந்த மான்கள் அதைப் பார்த்து அந்த வழியே ஆற்றில் இறங்கின.

சற்று நேரத்தில், மரத்தில் ஏறிப் பார்த்த மந்திகள் கத்தின: “கரையேறிவிட்டன! கடைசிக் குட்டியும் ஏறிவிட்டது!”

கீரி தொப்பென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டது. எறும்புதின்னி அதன் பக்கம் தலையைத் திருப்பியது.

“அண்ணா, மயில் வந்து கேட்டால்?”

“அதுதான் இணையப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிறதே, அங்கே போய்ப் பார்க்கச் சொல். அது கிடக்கட்டும், அடுத்த மழைக்கும் உன் கிடங்கு நிரம்பாதா?”

எறும்புதின்னி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தது. ‘தினமும் விடியலில் கிடங்கைப் பார். வந்துகொண்டிருப்பதைத் தொடாதே. ஒரு வாரமாக யாரும் தொடாததை, என்னைக் கேட்காமலே அழித்துவிடு’ என்று சர்வருக்கு ஒரு கட்டளை எழுதியது. பிறகு குகையைவிட்டு வெளியே போய், பக்கத்துப் புற்றில் மூக்கை நுழைத்தது.

நீதி: தேவை முடிந்ததைக் காலம் தவறாமல் களை, நடக்கும் வேலையைக் கலைக்காமல் களை.