பெயர் வேண்டாம், கோடு போதும்

தூத்துக்குடியில் பங்குச்சந்தை வகுப்பு நடத்திய கஜபதிக்கு வாய் நீளம். "கம்பெனி பேரே வேண்டாம். கோட்டைப் பார்த்தாலே எங்கே திரும்பும்னு சொல்லிடுவேன்!"

அங்கே டீ ஊற்றும் செலின் கெட்டிலைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் சவரி, அன்றைய ஃபீஸுக்காக மகளின் வளையலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அவள் கோடு வரைந்த ஒரு தாளைக் கஜபதியிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பாருங்க சார்."

"டீக்காரம்மாவும் டிரேடிங்கா?" என்று கஜபதி சிரித்தார். "மூணு சிகரம், நடுவுல உள்ளது உயரம். மார்க்கெட்டுல இதுக்குப் பேரு தலையும் ரெண்டு தோளும்! விலை இனி தரை தட்டும். இருக்கிறதை இன்னைக்கே வித்துடு."

"இது என் மகளுக்குப் போன மாசம் வந்த காய்ச்சல் சார். நர்ஸ் எழுதினதைப் பார்த்து வரைஞ்சேன். தொண்ணூத்தெட்டுல நின்னுட்டுது. நீங்க சொன்னபடி தரை தட்டியிருந்தா, பிள்ளையைப் பெட்டியில வச்சிருப்போம்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "போன வாரம் எங்களை விக்கச் சொன்னீங்களே, அது யாரு காய்ச்சல்?"

"விதிவிலக்கெல்லாம் அடுத்த வகுப்புல. அதுக்குத் தனி ஃபீஸ்" என்றார் கஜபதி. பாதி நாற்காலிகள் காலியாயின.

"நாலு பேர் முன்னால என்னைத் தலைகுனிய வச்சிட்டியே" என்று சவரி பல்லைக் கடித்தான்.

 செலின் அவன் சட்டைப்பையில் கைவிட்டு வளையலை எடுத்துக்கொண்டு, எச்சில் டம்ளர்களைப் பொறுக்கப் போனாள்.