லிங்கம் வக்கீலின் அஃபிடவிட்

வக்கீல் குற்றாலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் பக்கம் போனார், மறுபடி வந்து உட்கார்ந்தார். நாற்பத்தெட்டு வயசு ஆள். வக்கீல் சங்கத் தலைவர் வேற. ஆனால் சீனியர் சௌந்தரவல்லி மேடத்தின் அறைக்குள் வந்துவிட்டால் இன்றைக்கும் ஜூனியர்தான். தொழில் கற்றுக்கொண்டது இங்கேதான்.

"நாளை மறுநாள் சென்னையில பார் கவுன்சில் விசாரணை மேடம். என் கவுன் தப்புமா, தப்பாதா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் எழுதிக்கொண்டு வந்த பதிலை மேடம் படித்துக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான பதில். புகார் கொடுத்த கட்சிக்காரி இசக்கியம்மாள் ஆபீசுக்கே வருவதில்லை, விவரம் தருவதில்லை என்று பத்தி பத்தியாக இருந்தது.

"இங்கிலீஷ் நல்லா வந்திருக்கு" என்றார் மேடம். "நடந்தது என்ன?"

லிங்கம் தலையைச் சொறிந்தார். மேடம் விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

இசக்கியம்மாள் குடியிருக்கும் வீடு தன்னுடையது என்று கொழுந்தன் போட்ட வழக்கு. அதைக் கூப்பிட்ட அன்றைக்கு நம்ம ஆள் சங்கத் தேர்தல் மும்முரத்தில் இருந்தார். கை நிறைய ஓட்டு வைத்திருந்த ஒரு பெரிய வக்கீல் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். ஆஜராக ஆளில்லாமல் கொழுந்தன் பக்கம் தீர்ப்பாகிவிட்டது.

ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த மனுவோடு ஏன் வரவில்லை என்று அஃபிடவிட் கொடுக்க வேண்டுமே! பந்தி விசாரிக்கப் போயிருந்தேன் என்று எந்த வக்கீல் எழுதித் தருவான்? இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். அந்தம்மா கேட்டபோதெல்லாம், "வாய்தா போட்டிருக்கும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி கோர்ட் அமீனா வாசலில் வந்து நின்றபோதுதான் பாவம், அவளுக்கு விஷயமே தெரிந்தது.

"இப்ப வீடு என்ன ஆச்சு?"

லிங்கத்துக்குத் தெரியவில்லை. கவுனைப் பற்றியே ராப்பகலாக யோசித்தவர் அதை விசாரிக்கவே இல்லை.

"அமீனா வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் குடுத்திருக்கார். நான் கேட்டுட்டேன். பேனாவை எடு. சொல்லச் சொல்ல எழுது."

பழைய பழக்கம், கை தானாக எழுத ஆரம்பித்தது. இசக்கியம்மாளின் வழக்கறிஞராகிய நான் சத்தியப் பிரமாணமாகச் சொல்வதாவது. கல்யாணம் வந்தது, பந்தி வந்தது, வாய்தாப் பொய்யும் வந்தது. அங்கேதான் லிங்கத்துக்கு உறைத்தது.

"ஐயையோ மேடம்! இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு எதிரா இதுவே சாட்சியாயிடுமே. என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

"அந்தம்மா மட்டும் சொன்னா ஜட்ஜ் நம்ப மாட்டார். தோத்தவங்க எல்லாரும் வக்கீல் மேலதான் பழி போடுறாங்க. வக்கீலே சொன்னா நம்புவார். வீடு நிக்கும்."

"என் கவுன்?"

"போகலாம்."

"பிள்ளைக ரெண்டும் படிக்குது மேடம். வேற வழியே இல்லையா?"

"ஏன் இல்லை? நீ எழுதிட்டு வந்த பதில் இருக்கு. அதை வச்சு நீயே வாதாடு. தப்பிச்சாலும் தப்பிச்சிடுவே. அதுக்கு நான் வர மாட்டேன்."

லிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விருட்டென்று எழுந்து வாசல் வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, சென்னைக்கு எனக்காக வருவீங்களா மேடம்? கண்டிப்பா?"

"கண்டிப்பா வருவேன்" என்றார் மேடம். "அன்னைக்கு நான் அந்தக் கோர்ட்லதான் இருந்தேன் லிங்கம். உன் கேஸைக் கூப்பிட்டதும் நான்தான் எழுந்து மத்தியானம் வரைக்கும் டயம் கேட்டேன். மத்தியானமும் நீ வரலை. ஜட்ஜ் இங்கிலீஷ்ல தீர்ப்பைச் சொல்லி, அடுத்த கேஸையும் கூப்பிட்டாச்சு. அது எதுவும் விளங்காம உன் கட்சிக்காரி கும்பிட்ட கையை இறக்காம, 'எங்க வக்கீலு வந்துக்கிட்டே இருக்காவ, ஐயா'ன்னு சொல்லிக்கிட்டு நிக்குறா. அந்த மாதிரி உன்னை நான் நிக்க விடமாட்டேன்."