இடது கழுத்தில் நெறி கட்டிய கதை

அந்தக் காலத்தில் மனுஷ உடம்புக்குள் குடியிருந்த செல்களுக்கும் வாய் இருந்தது. வெளியே யாருக்கும் கேட்காது, அவ்வளவுதான்.

உப்பளத்தில் வேலை பார்த்த வெயிலாட்சியின் இரைப்பையில் செல்களெல்லாம் கைகோத்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. அங்கே ஒரே சட்டம்: கையை விட்டவள் அன்றே சாக வேண்டும். அதற்கு ஒரு விலக்கு மட்டும் உண்டு. வெயிலாட்சி தினமும் கஞ்சிக்குக் கருவாட்டைக் கடித்துக்கொள்வாள். உப்பு பட்டுப் பட்டு இரைப்பையில் புண் விழும். அப்போது பக்கத்தில் இருப்பவள் கையை விட்டுவிட்டு நகர்ந்து போய்ப் புண்ணை மூடலாம். மூடியதும் திரும்பக் கைகோத்துவிட வேண்டும்.

ஒருநாள் அப்படிப் போன ஒருத்தி, புண் மூடிய பிறகும் கையை நீட்டவில்லை.

"வா, வந்து உக்காரு" என்று பக்கத்து வரிசைக்காரி கூப்பிட்டாள்.

"இன்னும் புண்ணு ஆறலக்கா."

பச்சைப் பொய். ஆனால் புண் ஆற்றப் போனவளைச் சந்தேகப்படுவது இரைப்பையில் மரியாதைக் குறைவு. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்! எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தத் தைரியத்தில் அவள் பெருகினாள். பெற்ற பிள்ளைகளுக்கும் கைகோக்கச் சொல்லித் தரவில்லை. கூட்டமாகச் சேர்ந்து, அடித்தரையைக் கரைக்கும் சாற்றைக் கக்கி ஓட்டை போட்டு, நிணநீர் ஓடும் வாய்க்காலில் குதித்தார்கள்.

அந்த வாய்க்கால் நெஞ்சு வழியாக ஏறி, கழுத்தடியில் இடது காறை எலும்புக்குப் பின்னால் ரத்தத்தில் கலக்கிறது. அங்கே பயறு அளவில், நிணநீரை வடிகட்டும் ஒரு நெறி காவல் இருந்தது.

"நில்லு. எந்த ஊரு?"

"இரைப்பை. புண்ணு ஆத்தப் போறேன்."

"புண்ணு இரைப்பையில. நீ கழுத்துக்கு வந்து என்ன ஆத்தப் போற? திரும்பிப் போ."

அவள் சிரித்தாள். "நீ ஒருத்தன். நாங்க எத்தன பேருன்னு பாத்தியா? வலியையும் எழுப்ப விடமாட்டோம். நீ கத்தினாலும் வெளிய கேக்காது. பேசாம வழிய விடு."

நெறி வலியை எழுப்பிப் பார்த்தது. எழவில்லை. அவர்களைக் கொன்று பார்த்தது. செத்தவர்களைவிடப் பிறந்தவர்கள் அதிகம். தோற்கப் போகிறோம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"சத்தம் கேக்காதுன்னா போகட்டும். கைக்குத் தட்டுப்படுவேன்ல?"

வந்தவர்களைத் தனக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, தோலைத் தூக்கிக்கொண்டு வீங்கியது. கல்லாக இறுகியது. "செத்தாலும் வத்த மாட்டேன்டி!"

வெளியே வெயிலாட்சிக்குச் சோறு இறங்கவில்லை. வைத்தியர் பலவேசம் வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்த்து மூன்று மாதம் கஷாயம் கொடுத்திருந்தார். அவள் கழுத்தைக் காட்டினாள்.

"வைத்தியரே, இது வலிக்கவே இல்ல. ஆனா நாளுக்கு நாள் கல்லாகுது."

அவர் விரலை வைத்தார். அன்று ஒரே ஒரு தடவை, உள்ளே இருந்த சத்தம் விரல் வழியாக ஏறியது: "இரைப்பையிலேருந்து வந்திருக்காங்க. பிடிச்சு வச்சிருக்கேன்."

அவர் முகம் செத்துவிட்டது. கேட்டதை அவளிடம் சொன்னார்.

"உள்ளதைச் சொல்லும். பொழைப்பனா?"

"கஷ்டந்தான் தாயி. நான் முந்தியே இங்க தொட்டுப் பாத்திருக்கணும்."

வெயிலாட்சி அழவில்லை. அவர் கையைப் பிடித்து மறுபடியும் கட்டியின்மேல் வைத்து அழுத்தினாள்.

"நல்லாத் தொட்டுக்கிடும். உம்ம விரலுக்கு மறக்கக் கூடாது. இனிமே யாரு வயிறுன்னு வந்தாலும் இங்கயும் கை வையும். எனக்கு உதவாட்டாப் போகுது. இந்தச் சீக்கு இன்னொருத்தி உடம்புல ஒளிஞ்சு போகக் கூடாது."

அன்று முதல்தான், வயிற்றைக் காட்டப் போனவர்களின் இடது கழுத்தையும் டாக்டர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள்.